பனிச்சைவெளியைப் பிறப்பிடமாகவும்

அக்கா,

பார்லிமென்ற் வீதித் தமிழ்க் கடைக்கு இன்று காலை கூனி இறால் வந்திருந்தது. பெட்டியை உடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஒரு பிடி அள்ளி என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "மணந்து பாருங்கோ, முதல் தரச் சாமான்" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் நாலைந்தை வாயில் போட்டு மென்றுவிட்டு, "உது கடல் கூனி. களப்புக் கூனியெண்டால் இனிக்கும்" என்று சொல்லி அவருடைய வியாபாரத்தைக் கெடுத்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு திரும்பியபோது கதவுக்குப் பக்கத்துச் சுவர் கண்ணில் பட்டது. சிரிப்புப் போய்விட்டது.

அந்தச் சுவர் உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தல்கள் ஒட்டுகிற சுவர். இன்றைக்கு ஓர் ஐயாவின் படம், புதிதாக ஒட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு பெண்கள் சாமான் பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்று வாசித்தார்கள். "உவை எந்தப் பகுதி?" என்று ஒருவர் கேட்டார். "ஊரைப் பாத்தாத் தெரியேல்லையே" என்றார் மற்றவர். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்குகிற அந்த முதல் வரியை எங்கள் சனம் எதற்காக வாசிக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். செத்தவர் யார் என்று அறிய அல்ல. சாதியும் பகுதியும் பிடிக்க.

மூன்று வருடங்களுக்கு முன் அதே சுவரில் உங்கள் படமும் இருந்தது. "யாழ். புளியங்கலட்டியைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று போட்டிருந்தார்கள். புளியங்கலட்டி உங்கள் கணவருடைய ஊர். கலியாணம் முடித்த புதிதில் மாமியைப் பார்க்கப் போய் ஒரு கிழமை நின்றீர்கள். அவ்வளவுதான் உங்களுக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு. நீங்கள் பிறந்தது பனிச்சைவெளி. முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவில், கடல்நீர் தேங்கும் களப்பும் காடும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற ஒரு சின்ன ஊர். அந்தப் பெயரை அரசாங்கம் உங்களிடமிருந்து ஒருமுறை பறித்தது. நீங்கள் கண்ணை மூடிய மறுநாள் நாங்களே இன்னொருமுறை பறித்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

முதன்முதலில் உங்களைக் கண்டது நான் வேலை செய்த ஹோட்டலின் லோண்டறியில். தொண்ணூறுகளின் தொடக்கம், மாரிகாலம். வெள்ளைப் படுக்கை விரிப்பின் ஒரு தலைப்பை நான் பிடிக்க மறு தலைப்பை நீங்கள் பிடித்தீர்கள். விரிப்பை உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூலைகளைக் கொடுத்து வாங்க வேண்டும். கிட்ட வரும்போது ஒரு கேள்வி, விலகும்போது ஒரு பதில். அப்படித்தான் கதைத்தோம். இரண்டு பேரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம் என்பதும், உங்களுக்குக் கணவர் இல்லை, மதி என்று ஒரு மகள் இருக்கிறாள் என்பதும் முதல் நாளே தெரிந்தது. நான் எந்த ஊர் என்று கேட்டேன். பனிச்சைவெளி என்றீர்கள். "அது எங்கை?" என்றேன். விரிப்பை மடித்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "உங்கட யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ஆனையிறவு தாண்டினால் எல்லாம் காடுதானே. அந்தக் காட்டுக்கை ஒரு இடம்."

அதற்குப் பிறகு நான் உங்களை விடவில்லை. ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்லி நச்சரித்தேன். நீங்களும் அழாமல், பெருமூச்சு விடாமல், நேற்று நடந்த சண்டையைச் சொல்வது போலச் சொன்னீர்கள். முதலில் வந்தது ஆமி இல்லை என்றீர்கள். முதலில் வந்தது நில அளவைக்காரர். ஆற்றை மறித்துத் தண்ணீர் கொண்டுவரப் போகிறோம், குளத்தைப் பெருப்பிக்கப் போகிறோம், இரண்டு போகமும் விளையும் என்று சொன்னார்கள். அபிவிருத்தி என்ற சொல்லை உங்கள் அப்பா அந்த வயதில்தான் கற்றுக்கொண்டாராம். வாயில் போட்டு உருட்டிக்கொண்டே திரிந்தாராம். வந்தவர்களுக்குத் தயிரும் இளநீரும் கொடுத்தார். வெயிலில் நிற்கிறார்களே என்று குடை பிடித்தார்.

"எங்கட வயலை அளக்கிறதுக்கு எங்கட அப்பர்தான் கோல் பிடிச்சவர்" என்றீர்கள். "சிவப்பும் வெள்ளையும் அடிச்ச கோல். எங்கை நில் எண்டாங்களோ அங்கை நிண்டவர். நேராப் பிடி எண்டாங்கள், நேராப் பிடிச்சவர்."

அன்றைக்கு நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன். மேற்பார்வைக்காரி சத்தம் போட்டாள். நீங்கள்தான் குனிந்து எடுத்தீர்கள்.

அடுத்த வருடம் மார்கழி மழையில் ஜீப் வந்தது. ஒலிபெருக்கியில் பாதுகாப்பு என்றார்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காக எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், தற்காலிகமாக. யாருடைய பாதுகாப்பு என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் துணிவு இருக்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் துவக்குச் சூடாக வந்திருக்கும். நெல் குடலைப் பருவத்தில், கதிர் தள்ளக் காத்து நின்றது. "தற்காலிகமா எண்டு சொன்னபடியால் அப்பர் மண்வெட்டியைக்கூட எடுக்கேல்லை. வந்து வரம்பு கட்டலாமெண்டு வாய்க்காலுக்குள்ளையே விட்டிட்டு வந்தவர்" என்றீர்கள். பனிச்சைவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த உங்கள் கணவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னர் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் திரும்பி வராததை நீங்கள் ஒரே ஒருமுறைதான் சொன்னீர்கள். நான் மறுபடி கேட்கவில்லை.

தண்ணீர் வந்ததாம், அக்கா. சொன்னபடியே வந்ததாம். குளம் பெருத்தது, வாய்க்கால் ஓடியது, இரண்டு போகமும் விளைந்தது. லொறிகளில் கொண்டுவந்து இறக்கிய சிங்களக் குடும்பங்களுக்கு. நடுவில் ஆமிக் காம்ப். ஊருக்குப் புதிய பெயர் வைத்துப் பலகையும் நட்டார்கள். எனக்கு அந்தச் சனங்கள் மேல் வெறி வந்தது, அவர்களைத் திட்டினேன். நீங்கள் என்னைத் தடுத்தீர்கள். "அதுகளைத் திட்டாதையும். சோத்துக்கு வழியில்லாமல் வந்ததுகள். வேலிக்குக் கதியால் நடுற மாதிரி எல்லையிலை நட்டு வைச்சிருக்கிறாங்கள். வெட்டுப்பட்டால் முதல் வெட்டு அதுகளுக்குத்தான்." அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஒரு சொல் கெட்டதாக நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் புதிய பெயரையும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

உங்கள் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு நான் துணைக்கு வந்தேன். சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா, மரியாதையாகத்தான் பேசினா. அவவுக்கு முன்னால் ஒரு வரைபடம் இருந்தது. பனிச்சைவெளி என்று எதுவும் இதில் இல்லையே என்றா. நீங்கள் சொல்கிற இடத்தில் வேறு ஒரு பெயர் இருக்கிறது, அது சிங்களக் குடியேற்றத் திட்டம், அபிவிருத்தி நடக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது என்று அறிக்கை ஒன்றைப் புரட்டி வாசித்தா. மொழிபெயர்ப்பாளர் அந்தப் புதிய பெயரைச் சொல்லி, "நீங்கள் அங்கையிருந்துதான் வந்தனீங்களோ?" என்று கேட்டார். லோயர் உங்கள் காதுக்குள் குனிந்து, அந்தப் பெயருக்கு ஓம் என்று மட்டும் சொல்லுங்கள், இடம் பொருந்திவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தீர்கள். "நான் பனிச்சைவெளியிலை இருந்து வந்தனான்" என்றீர்கள்.

இல்லாத ஊரிலிருந்து ஒருவர் எப்படி வர முடியும் என்று அந்த அம்மா கேட்டா. அதைத் தமிழில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் குரல் தணிந்துவிட்டது.

"இல்லாமல் ஆக்கினபடியால்தான் வந்தனான்" என்றீர்கள்.

விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். பிறகு இன்னொருமுறையும் தள்ளிவைத்தார்கள். அந்தப் பக்கத்தில் முன்பு பணிசெய்த ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் மொன்றியலில் இருந்து வந்து சாட்சி சொன்ன பிறகுதான் உங்களை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கிடையில் முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூட அகதி முகாமில் உங்கள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். கோரிக்கை முதலே முடிந்திருந்தால் அவரை இங்கே அழைத்திருக்கலாம். இதை உங்கள் கணவரின் தம்பி உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார், நானும் இருந்தேன். "ஒரு பேருக்காக அந்தக் கிழவனைச் சாக விட்டிட்டியள்" என்றார். நீங்கள் கோபப்படவில்லை. "அவங்கள் வைச்ச பேரைச் சொல்லி எடுத்த விசாவெண்டால் அப்பர் பிளேனிலை ஏறியிருக்க மாட்டார்" என்றீர்கள். அன்று நீங்கள் வீட்டுக்குப் போய் அழுதீர்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் வேலைக்கு வந்தீர்கள். விரிப்பின் மூலைகளை வழமையைவிட அழுத்தி மடித்தீர்கள்.

உங்கள் கணவரின் தம்பி கெட்ட மனிதர் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களையும் மதியையும் ஏஜென்சி பிடித்துக் கூப்பிட்டவர் அவர். நீங்கள் புற்றுநோயில் கிடந்தபோது ஸ்காபரோவில் இருந்து ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், மதியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஊர்க் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர். மேடையில் ஒருவர் எங்கள் எல்லைக் கிராமங்கள் பறிபோகின்றன என்று பேசியபோது இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். பறிபோகிற ஊர்களுக்காக மண்டபம் நிறையக் கைதட்டுகிறோம். அந்த ஊர்களில் ஒன்று பெயரோடும் முகத்தோடும் எங்கள் வீட்டுக்குள் மருமகளாக வந்தால் கூசிப்போகிறோம். என்ன சனம் நாங்கள்.

நீங்கள் போன மறுநாள் பகல், சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சோறும் கறியும் சமைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பாட்டு மேசையில் இருந்து தொலைபேசியில் பத்திரிகைக்கு அறிவித்தல் சொல்லிக்கொண்டிருந்தார். "புளியங்கலட்டியைப் பிறப்பிடமாகவும்" என்றார். பாத்திரத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். துக்கத்தில் தடுமாறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியை வைத்ததும், "அண்ணை, அக்கா பிறந்தது பனிச்சைவெளியெல்லோ. மாறிச் சொல்லிப்போட்டியள்" என்றேன்.

"மாறிச் சொல்லேல்லைத் தங்கச்சி."

"அப்ப?"

"இல்லாத ஊரை எப்பிடிப் போடுறது?"

அக்கா, அந்த விசாரணை அறையில் ஒரு வெள்ளைக்காரி கேட்ட கேள்வி அது. அவவுக்கு ஒன்றும் தெரியாது, வரைபடத்தைப் பார்த்துக் கேட்டா. இவருக்கு எல்லாம் தெரியும். நான் அதைச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், சாவீடு என்றும் பார்க்கவில்லை. அவர் எழும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "விளங்காமல் கதையாதை. நாளைக்கு மதிக்கு ஒரு சம்பந்தம் பேசிறதெண்டால் இந்தப் பேப்பரைத்தான் முதலிலை எடுத்துப் பாப்பாங்கள். வன்னிக் காட்டுப் பக்கமெண்டால் என்ன ஆக்களோ எண்டு கேப்பாங்கள். புளியங்கலட்டி எண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள். அவளுக்குத் தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. நான்தான் பாக்க வேணும்."

சோபாவில் இருந்த மதி தலையை நிமிர்த்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சித்தப்பா, தட்ஸ் நொட் ட்ரூ. அம்மா அங்கை பிறக்கேல்லை" என்றாள். அவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போய் அடுத்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்தார். அறிவித்தல் அப்படியே வந்தது. சுவர்களில் அப்படியே ஒட்டினார்கள். செத்தவீட்டில் கையெழுத்து வைத்த அத்தனை பேரும் நீங்கள் புளியங்கலட்டி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, உங்கள் மாமியின் வீட்டு வளவைத் தனக்குத் தெரியும் என்று, அதில்தான் நீங்கள் ஓடி விளையாடியிருப்பீர்கள் என்று சொல்லி அழுதா. நான் அவவை அழவிட்டுவிட்டு வெளியே வந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். அங்கே நின்றபோதுதான் முடிவெடுத்தேன்.

முதலாம் ஆண்டு நினைவுக்கு நான் தனியாக ஓர் அறிவித்தல் போட்டேன். நண்பர்களும் வேலைத்தலத் தோழர்களும் கண்ணீர் அஞ்சலி போடுவது வழமைதானே, ஒருவரும் தடுக்க முடியாது. பத்திரிகைக் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்த பெடியன், "அக்கா, இது எந்தப் பக்கம்?" என்று கேட்டான். முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவில் என்றேன். "அங்கை இப்ப சிங்கள ஆக்கள்தானே" என்றான், ஏதோ காலநிலையைச் சொல்வது போல. "நீர் அடியும்" என்றேன். பனிச்சைவெளியைப் பிறப்பிடமாகவும் என்று பெரிய எழுத்தில் அடித்துத் தந்தான்.

பத்திரிகை வந்த அன்றே உங்கள் கணவரின் தம்பி கூப்பிட்டார். குடும்ப விஷயத்தில் தலையிட நான் யார் என்று கேட்டார். நானும் விட்டுக் கொடுக்கவில்லை. மேடைக்குக் கைதட்டுகிற கையால் ஒரு பெயரை எழுத முடியாதா என்று கேட்டேன். அவர் வைத்துவிட்டார். இன்றுவரை பேச்சில்லை. கோயிலில் கண்டால் மறுபக்கத்தால் போகிறார்.

இரண்டு நாள் கழித்து இன்னொருவர் கூப்பிட்டார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறவர், வயது போன குரல். "பிள்ளை, நீர் பனிச்சைவெளியில ஆரின்ர ஆள்?" என்று கேட்டார். நான் அந்த ஊர் இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். அப்போது அவர் சொன்னார்: "போன வருசம் என்ர மனுசி மோசம் போனவ. அவவும் அங்கைதான். முல்லைத்தீவு எண்டு போட்டனான். பேரைப் போட்டு ஆர் அறியப்போகினம் எண்டு விட்டிட்டன்." அதன் பிறகு அந்த மனிதர் அழுதார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. இப்படி எத்தனை பேர் வேறு ஊர்களின் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு செத்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. வரைபடத்தில் இருந்து அழித்தவனுக்கு மிச்ச வேலையை நாங்கள் செய்து கொடுத்திருக்கிறோம்.

மதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. போன மாதம் அவள் என்னிடம் வந்தாள், சித்தப்பாவுக்குச் சொல்லாமல். இப்போது யூனிவர்சிற்றிக்குப் போகிறாள். உங்களைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கதைக்கிறாள். நூலகத்தில் இருந்து இலங்கையின் பெரிய வரைபடம் ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். என் அப்பாட்மென்ற் நிலத்தில் விரித்தாள். "அன்ரி, ஐ லுக்ட் எவ்ரிவேர். அம்மான்ர ஊரைக் காணேல்லை. எனக்குக் காட்டுங்கோ" என்றாள்.

எனக்கு இடம் தெரியும். விசாரணை அறையில் அந்த அம்மா விரல் வைத்துக் காட்டியதை நான் மறக்கவில்லை. களப்பின் தெற்குக் கரை, ஆறு வளைகிற இடம். நான் முழங்காலில் இருந்து விரலை வைத்தேன். அச்சடித்திருந்த பெயர் என் விரலுக்குக் கீழே மறைந்துவிட்டது.

"இஞ்சை" என்றேன்.

"விரலை எடுங்கோ அன்ரி."

எடுக்க மனமில்லை. ஆனால் அது அவளுடைய ஊர், என்னுடையது அல்ல, எடுத்தேன். அவள் குனிந்து அந்தப் பெயரை வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அம்மா ஹியரிங்கிலை இந்தப் பேரைச் சொல்லியிருந்தா கேஸ் அண்டைக்கே முடிஞ்சிருக்குமோ?"

"ஓம்."

"அம்மப்பாவையும் கூப்பிட்டிருக்கலாம், என்ன?"

பொய் சொல்ல நினைத்தேன். உங்கள் மகளுக்கு அது தகாது. "ஓம் பிள்ளை, கூப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. உங்கள் மேல் கோபப்படப் போகிறாள் என்று பயந்தேன். கோபப்பட்டிருந்தால் நான் தடுத்திருக்கவும் மாட்டேன், அதற்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரைபடத்தை மடித்தாள். மூலைக்கு மூலை வைத்து, அழுத்தி மடித்தாள்.

"தெரிஞ்சும் சொல்லேல்லை" என்றாள்.

"ஓம். தெரிஞ்சும் சொல்லேல்லை."

உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான், அக்கா. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உங்கள் அப்பாவின் கோலையும் மண்வெட்டியையும் எழுதினேன், குளத்தை எழுதினேன், பலகை நட்டதை எழுதினேன். அந்தப் பலகையில் இருக்கிற பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், எழுத்துக் கூட்டி எழுதவும் வரும். நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.